சம்பந்தி வீட்டு மீன் முத்திரை

1

ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, "அங்க எப்படி இருக்கே?" என்பதுதான். இத்தனை வருஷமாக "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவந்தவள், போன வருஷம் முழுக்க "ஒரு தட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மலேசியாவுக்கு வந்து முப்பது வருஷம் நிறைகிற மாதம் இது. அதைக் கொண்டாட ஏதாவது செய்யலாமா என்று கணவர் கேட்டார். பேசாமல் உட்கார்ந்து, அந்தத் தட்டுக் கதையை ஊருக்கு எழுதித் தொலைக்கிறேன் என்றேன். இனி யாரும் தொலைபேசியில் கேட்டு நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சென்னையில் அருங்காட்சியகவியல் படித்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த சிவகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டு கோலாலம்பூர் வந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பம் ரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸை விட்டு நகர்ந்ததே இல்லை. நாங்களும் அங்கேதான், தண்டவாளத்தைப் பார்த்த ஓர் அடுக்குமாடி வீட்டில். நான் பெட்டாலிங் ஜெயாவில் பழம்பொருள்களை ஏலம் விடுகிற நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வருகிற பொருள் என்ன, எங்கே செய்தது, எந்தக் காலத்தது என்று பார்த்து விவரம் எழுதுவது என் வேலை. முக்கால்வாசி சீனப் பீங்கான்.

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. கிள்ளானைச் சேர்ந்த கெவினைக் கட்டிக்கொள்ளப்போவதாக ஒருநாள் காலைப் பசியாறும்போது சொன்னாள். (இங்கே காலையில் இட்லி தின்பதற்குப் பெயர் பசியாறுவது. வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபோது, நாங்கள் அவ்வளவு பஞ்சப்பட்டவர்களாகத் தெரிகிறோமா என்று எனக்குக் கோபம் வந்தது.) பையனுடைய குடும்பம் கத்தோலிக்கர்கள். எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்துக்குப் போனோம்.

வீட்டு வாசலில் இரும்பு கேட். அதன் நடுவில் இரும்பிலேயே வளைத்துச் செய்த ஒரு கேடயம். கேடயத்துக்குள் மூன்று மீன், மேலே ஒரு போர்த்தொப்பி, கீழே சுருண்ட நாடாவில் ஏதோ எழுத்துகள். "இது வீடுதானா, கிளப்பா?" என்றார் என் கணவர் காரைவிட்டு இறங்காமலே. உள்ளே போனால் அதே கேடயம் நாற்காலி உறைகளில், சுவர்க் கடிகாரத்தில், கெவினுடைய சட்டைப் பையில்.

கெவினின் அப்பா ஆரோக்கியசாமி, கிள்ளான் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். அம்மா ரெஜினா, அதிகம் பேசாதவர். மேசையில் சோறு, மீன் குழம்பு, நடுவில் பெரிய நீள்வட்டத் தட்டில் ஆட்டிறைச்சிப் பெரட்டல். பரிமாற ஆரம்பித்து இறைச்சி குறையக் குறையத் தட்டின் அடி தெரிந்தது. முதலில் ஒரு மீன் வால். அப்புறம் சிவப்பும் நீலமும். ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பாதி அழிந்துபோன தங்க வேலைப்பாடு. அந்த வெள்ளையில் லேசாக ஒரு நீலம் ஓடியது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கையுறை போட்டுத் தொட வேண்டிய பொருளை, ரெஜினா எவர்சில்வர் கரண்டியால் சுரண்டி எனக்கு எலும்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தத் தட்டு..." என்றேன்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஆரோக்கியசாமி கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க குடும்ப முத்திரை, சம்பந்திம்மா. நீங்க பாளையங்கோட்டைக்காரங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? மீன் யாரோடது? பாண்டியனோடது. எங்க முன்னோருங்க அந்த வழி. போர்த்துகீசியன் நம்ம கடற்கரைக்கு வந்தப்ப எங்க பாட்டனுக்குப் பாட்டனுக்கு மரியாதை பண்ணி, சீனாவுல சொல்லிச் செஞ்சு கொடுத்தது. ஒரு செட்டு இருந்துச்சாம். கப்பல்ல வரும்போது மத்ததெல்லாம் போயிருச்சு."

பாண்டியருடைய சின்னத்தில் நான் பார்த்தவரைக்கும் இரண்டு கயல்தான். மூன்றாவது மீன் எங்கிருந்து நீந்தி வந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. பெண்ணைக் கொடுக்கப்போகிற வீடு. இன்னொரு கரண்டி பெரட்டல் போட்டுக்கொண்டேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தட்டு சமாச்சாரம் புதிதாக இருக்கும். ஆனால் நமக்குப் புரியாத விஷயம் இல்லை.

எங்கள் வீட்டில் அம்மா எந்தப் பாத்திரம் வாங்கினாலும் கடையிலேயே பெயர் வெட்டாமல் வெளியே வரமாட்டாள். கடைக்காரர் அந்தக் குட்டி மிஷினை வைத்துக் கிர்ரென்று அப்பாவின் பெயரையும் வருஷத்தையும் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார். பால் குண்டானிலிருந்து எண்ணெய்க் கரண்டிவரை எல்லாவற்றிலும் அப்பா பெயர். பந்திக்கு இரவல் போன அண்டா எந்த வீட்டில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒருமுறை எதிர்வீட்டுத் தூக்குவாளி எங்கள் வீட்டுக்கு வந்து, பெயரைப் பார்க்காமல் அம்மா அதில் மோர் கொடுத்தனுப்ப, இரண்டு வீட்டுக்கும் ஆறு மாதம் பேச்சு இல்லை.

ஐரோப்பாவின் பெரிய வீட்டுக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள், கொஞ்சம் தடபுடலாக. தங்கள் குடும்ப முத்திரையைக் காகிதத்தில் வரைந்து கப்பலில் சீனாவுக்கு அனுப்புவார்கள். அங்கே பீங்கானில் அதை அப்படியே தீட்டி, சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய முழு செட்டும் செய்து அனுப்புவார்கள். ஆர்டர் கொடுத்தவர் அது வந்துசேரும்வரை உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம். தீட்டிய சீனருக்கு அந்த எழுத்துகள் தெரியாது. அவருக்கு அவை கோடுகள். அதனால் சில தட்டுகளில் எழுத்து மாறியிருக்கும், திரும்பியிருக்கும். இந்த இடத்தில் இந்த நிறம் தீட்டு என்று எழுதி அனுப்பிய குறிப்பையே சேர்த்துத் தீட்டிவிட்டதாகவும் எங்கள் தொழிலில் சொல்வார்கள்.

சம்பந்தி வீட்டுத் தட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. நாடாவில் இருந்த லத்தீன் சொற்களில் ஓர் எழுத்து தலைகீழ். ஆரோக்கியசாமி மிகுந்த பக்தியோடு அந்தத் தலைகீழ் எழுத்தை அப்படியே இரும்பில் வளைத்துக் கேட்டில் பொருத்தியிருந்தார்.

3

இதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கெவினுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்தது. கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்று யாழினி எங்களிடம் சொன்னாள், கேட்கவில்லை, சொன்னாள். போகும்போது குடும்பத் தட்டு மூத்த மகனோடு போக வேண்டும் என்பது ஆரோக்கியசாமியின் முடிவு. பழம்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும். சம்பந்தியே அந்தத் தொழிலில் இருக்கும்போது வேறு யார் போவது?

நான் போனேன். அனுமதி தருகிற அரசு அலுவலகத்தில் இருந்த இளம்பெண் மிகவும் பணிவானவள். தட்டின் படங்களைப் பார்த்து, "அழகா இருக்கு, புவான்" என்றாள். (புவான் என்றால் மலாயில் அம்மணி.) அப்புறம் விண்ணப்பத்தைப் பார்த்தாள். "இது சீனா புன்யாகா, ஒராங் பூத்தே புன்யா?"

சீனருடையதா, வெள்ளைக்காரருடையதா என்கிறாள். சீனாவில் செய்தது என்றேன். அப்படியானால் வைத்திருப்பவர் ஏன் இந்தியர்? வெள்ளைக்காரருக்காகச் செய்தது என்றேன். அப்படியானால் இந்தியரிடம் எப்படி வந்தது? அது குடும்பச் சொத்து என்று குடும்பம் சொல்கிறது என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள்மேல் தப்பே இல்லை. எனக்கே நான் சொன்னது புரியவில்லை.

என் கையிலிருந்த சிவப்பு அடையாள அட்டையைப் பார்த்து, "புவான் இன்னும் குடியுரிமை வாங்கலையா?" என்று கேட்டாள். விண்ணப்பித்தேன், பதில் வரவில்லை, மறுபடி விண்ணப்பித்தேன் என்றேன். சிவப்பு அட்டை என்றால் இங்கேயே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. புருஷன் இந்த நாட்டுக்காரர், பிள்ளை இந்த நாட்டுக்காரி, நான் மட்டும் இன்னும் விருந்தாளி. தட்டுக்காவது சீக்கிரம் முடிவு வரட்டும் என்றேன். அவள் சிரித்துவிட்டு, தட்டு யாருக்காகச் செய்தது, இந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று ஒரு நிபுணர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றாள்.

"அந்த நிபுணர் நீங்கதானே" என்றார் ஆரோக்கியசாமி தொலைபேசியில். "பாண்டியர் வழின்னு ரெண்டு வரி எழுதிடுங்க, சம்பந்திம்மா. கல்யாண விருந்துல மேடையிலேயும் வாசிச்சிடலாம்."

4

எங்கள் அலுவலகத்தில் சீனப் பீங்கானில் வந்த ஐரோப்பிய முத்திரைகளைத் தொகுத்த தடித்தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டு மதிய உணவு இடைவேளையில் கண்டுபிடித்துவிட்டேன். அதே மூன்று மீன், அதே போர்த்தொப்பி. முத்திரை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு வணிகக் குடும்பத்துடையது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. படத்திலிருந்த சூப்புக் கிண்ணத்திலும் அதே எழுத்து தலைகீழாக இருந்தது.

சிவகுமாரிடம் சொன்னேன். "அந்த மனுஷன் கேக்கிறதை எழுதித் தொலையேன், விஜயா. யார் ஸ்காட்லாந்துலேர்ந்து வந்து கேக்கப்போறா?" என்றார். பரீட்சைத் தாளில் அரை மதிப்பெண் கூடப் போடாத மனிதர் பேசுகிற பேச்சு. என் கையெழுத்து ஒரு பொய்க்குக் கீழே போனால் அடுத்த நாள் நான் எதன் கீழே கையெழுத்துப் போட்டாலும் மதிப்பில்லை. அது அவருக்கும் தெரியும்.

நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று ஆரோக்கியசாமியை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்தேன். காடியை நிறுத்த இடம் கிடைக்காதென்று ரயிலில் வந்தார். (இங்கே காடி என்றால் கார். எங்கள் ஊரில் அது புளித்த நீர். "காடியில வந்துடுறேன்" என்று யாரோ முதன்முதலில் சொன்னபோது நான் முழித்ததை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.) சாப்பிட்டு ரசத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தேன்.

"அண்ணே, தட்டு அசல். இருநூறு வருஷத்துக்கும் மேல இருக்கும். ஆனா அந்த முத்திரை ஸ்காட்லாந்துக்காரக் குடும்பம் ஒண்ணோடது."

கையில் வாங்கிய ரசத்தைக் குடிக்காமல் அப்படியே இலையில் விட்டார். "அப்ப எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்றீங்க?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. தோட்டத்து துரை யாராச்சும் கொண்டு வந்திருக்கலாம்."

"கொண்டு வந்து? எங்ககிட்ட கொடுத்தானா, இல்ல நாங்க எடுத்துக்கிட்டமா?"

"நான் அப்படிச் சொல்லலையேண்ணே."

"நீங்க நேத்து இந்தியாவுலேருந்து வந்தவங்க. எங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

முப்பது வருஷம் அவருக்கு நேற்று. இங்கே இலையை நம் பக்கம் மடித்தால் சாப்பாடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது இழவு வீட்டில். அவர் எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்து போனார்.

5

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே தலை வலிக்கிறது.

யாழினிக்குக் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். சாதாரண நாளில் "அம்மா, தண்ணி கலக்கவா?" என்று டீ போட்டுத் தருகிற பெண், கோபம் வந்தால் ஒரு தமிழ்ச் சொல் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுப் பேசுவாள். எனக்குத் திட்ட வருவது திருநெல்வேலித் தமிழில். அவளுக்கு அது பாதிதான் புரியும். இரண்டு பேரும் இரண்டு மொழியில் சண்டை போட்டுக்கொண்டு, நடுவில் அவளுடைய அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் ஒருநாள் தமிழுக்கு இறங்கி வந்தாள். "அங்கிள் கேட்டது ஒரு பேப்பர்தானேம்மா. நீங்க எப்பவுமே ரைட்டாவே இருக்கணுமா? அவர் சாப்பிடறதே இல்லையாம்லா."

"சாப்பிடாம இருக்க நான் என்ன அவர் சோத்துலயா மண்ணள்ளிப் போட்டேன்?"

"அப்படித்தான் போட்டீங்க."

அழைப்பிதழ் அச்சடித்து வந்தது. உச்சியில் தங்க மையில் மூன்று மீன்.

6

ஒரு சனிக்கிழமை காலை எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "விஜயாவா? நான் பிலோமினா. ஆரோக்கியசாமிக்கு அக்கா. செந்தூல்ல இருக்கேன். வர்றியா, நான் வரட்டுமா? எனக்கு முட்டி வலி, நீ வர்றது நல்லது."

ஓய்வுபெற்ற மருத்துவமனை மேட்ரன். எண்பதைத் தாண்டிய வயது. பழைய ரயில்வே பட்டறைப் பக்கம் எழும்பிய கொண்டோமினியம் ஒன்றின் உச்சி மாடியில் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும், "ஒல்லியா இருக்கியே, ரத்தம் பார்த்தியா?" என்றார். உட்காரச் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் ஆரம்பித்தார்.

"தம்பிகிட்ட நீ சொன்னது சரிதான். அது துரை வீட்டுத் தட்டு. எங்கம்மா சூசையம்மா துரை பங்களாவுல சமையல்காரி. தெலுக் பங்லிமா காராங் பக்கத்துல ஒரு ரப்பர்த் தோட்டம். ஜப்பான்காரன் வந்தப்ப துரை ஓடிட்டான். பங்களாவுல இருந்ததையெல்லாம் ஆளுக்கு ஆள் தூக்கிட்டுப் போனாங்க, உடைச்சாங்க. எங்கம்மா ஒரு தட்டை மட்டும் எடுத்து வந்து பத்திரமா வெச்சிருந்தா. திரும்பி வந்தா கொடுக்கணும்னு."

"திரும்பி வந்தாங்களா?"

"சண்டை முடிஞ்சு துரையும் துரைசானியும் வந்தாங்க. அம்மா தட்டைச் சேலையில சுத்தி எடுத்துக்கிட்டு நடந்தா. நான் சின்னப் பிள்ளை, கூடவே போனேன். நல்ல வெயிலு. பங்களா படியில நின்னு கொடுத்தா. துரைசானி திருப்பித் திருப்பிப் பார்த்தா. செட்டே போச்சு, இது ஒண்ணை வெச்சு என்ன பண்றதுன்னு அம்மாகிட்டயே கொடுத்துட்டா. கொடுத்துட்டு மலாய்ல சொன்னா, 'காசி அஞ்சிங் மாக்கான்.' நாய்க்குச் சோறு வைக்க வெச்சுக்கோன்னு."

பிலோமினா அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கீழே ரயில் போனது.

"அம்மா வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் அந்தத் தட்டுலதான் கறி வெச்சுக் கொண்டு வருவா. கிறிஸ்மஸுக்கு, ஈஸ்டருக்கு. தட்டு உடைஞ்சாலும் பரவால்லன்னு."

"அப்ப பாண்டியர் கதை?"

"அது நான் சொன்னது." குரலில் மாற்றமே இல்லை. "கிள்ளானுக்கு வந்துட்டோம். தம்பி அப்புறம் பொறந்தவன், அவனுக்குத் தோட்டமே தெரியாது. ஒரு கிறிஸ்மஸுக்கு வந்த பிள்ளைங்கள்ல எவனோ தட்டைப் பார்த்துட்டு, உங்கம்மா வெள்ளைக்காரன் வீட்டுல திருடினதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டான். இவன் அழுதுக்கிட்டு வந்தான். நான் அப்ப நர்ஸ் பயிற்சியில இருந்தேன், லீவுல வந்திருந்தேன். நாய் தட்டுன்னா சொல்ல முடியும்? மீனைக் காட்டினேன். இது பாண்டிய ராஜா மீனு, நம்மோடதுடான்னேன். அழுகை நின்னுச்சு. அவ்வளவுதான் நான் நினைச்சது. இவன் வளர்ந்து அதைக் கேட்டுல போடுவான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அறுபது வருஷமாக ஒரு குடும்பம் மூடி வைத்ததை என் தலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சம்பந்தி சாப்பிடாததற்கு என்னைக் குற்றம் சொல்கிறார்கள். "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

"சொல்லியிருக்கலாம். அவனுக்குச் சந்தோஷமா இருந்துச்சு, விட்டுட்டேன். ஆனா அம்மா கல்லறையில அந்த முத்திரையை வெட்டி வெச்சிருக்கான், பார்த்திருக்கியா? நாய்க்குப் போடுன்னு சொன்ன வீட்டு முத்திரை எங்கம்மா தலைமாட்டுல. கல்லறைத் திருநாளுக்குப் போறப்பெல்லாம் நான் மெழுகுவத்தியைக் கொளுத்திட்டுக் கண்ணை மூடிக்குவேன். நான் சாகறதுக்குள்ள அது போகணும். நாளைக்குக் கிள்ளானுக்குப் போறோம். நீயும் வர்ற."

7

மறுநாள் பூசை முடிந்து வந்து, ஆரோக்கியசாமி வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவை மட்டும் பார்த்துப் பேசினார். பிலோமினா அக்கா சுற்றி வளைக்கவில்லை. நோயாளிக்கு ஊசி போடுகிற மாதிரி, செந்தூலில் எனக்குச் சொன்னதை அதே வரிசையில் சொன்னார். நாய் என்ற இடத்தில்கூடத் தயங்கவில்லை.

ஆரோக்கியசாமி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ரெஜினா சமையலறை வாசலில் நின்றார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் மூன்று மீன்.

"அம்மா கொண்டு போயி திருப்பிக் கொடுத்தாங்களா?" என்றார் கடைசியில்.

"கொடுத்தா. நான்தான் கூட இருந்தேனே."

"அப்ப நாம எடுக்கல."

"எடுக்கலடா."

"எங்கிட்ட அப்பவே இதைச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். வாஷ்பேசினில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அன்றைக்குக் கடையில் அவர் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. எடுத்துக்கொண்டோமா என்று அவர் கேட்டது என்னை இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்ட பேச்சுக்கு இத்தனை வருஷம் கழித்தும் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. என்னை நேராகப் பார்த்து, "சம்பந்திம்மா, அந்த பேப்பர்ல அம்மா பேரைப் போடுங்க. சமையல்காரின்னே போடுங்க" என்றார்.

போட்டேன். துரைசானி சொன்ன சொல்லை மட்டும் போடவில்லை.

8

கல்யாணம் நன்றாக நடந்தது. கோயிலில் தாலி, தேவாலயத்தில் மோதிரம், கிள்ளானில் ஒரு மண்டபத்தில் விருந்து. ஆரோக்கியசாமி மேடையேறிப் பேசினார். அம்மா தட்டைத் திருப்பிக் கொடுக்க நடந்த கதையைச் சொன்னார். நிறுத்தவேயில்லை. நடந்த தூரம் நீண்டுகொண்டே போனது, வழியில் ஓர் ஆறு வந்தது, ஆற்றில் முதலை வந்தது. பக்கத்தில் இருந்த பிலோமினா அக்கா, "முதலை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

கல்லறையில் புதுக் கல் வைத்தாகிவிட்டது. பெயரும் வருஷங்களும் மட்டும். தட்டுக்கான அனுமதி இன்னும் வரவில்லை. இன்னும் தெளிவான படங்கள் வேண்டுமாம், அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் தட்டில்லாமலே மெல்பர்ன் போய்விட்டார்கள். விமான நிலையத்தில் யாழினி என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொன்னது சரிதாம்மா. சொன்ன விதம்தான் சரியில்ல" என்றாள். இதைத்தான் அவளுடைய அப்பாவும் இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஆரோக்கியசாமி கூப்பிட்டார். அம்மா நடந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அக்கா வருகிறாராம், நானும் வர வேண்டுமாம். எனக்கு அலுவலகத்தில் வேலை குவிந்து கிடந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, போனேன்.

தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் மரத்தைக் கண்ணால் காணவில்லை. தொழிற்சாலைகள், கிடங்குகள், வரிசையாக லோரிகள். பிலோமினா அக்கா காருக்குள் இருந்தபடியே, இங்கே திரும்பு, இல்லை அங்கே என்று எங்களை அலைக்கழித்து, கடைசியில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையின் வாசலில் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் மேடான இடம். "இந்த மேடுதான்" என்றார். எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மூன்று பேரும் இறங்கி வேலிக்கு வெளியே நின்றோம். உச்சி வெயில். காவலாளி ஒருவர் குடிலிலிருந்து வெளியே வந்தார். நேபாளி, முப்பது வயது இருக்கலாம். "பாஸ், ஆப்பா சாரி?" என்றார். என்ன தேடுகிறீர்கள் என்கிறார்.

துறைமுகத்தில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாக் சாயா டுலு மாசாக் சினி" என்றார். எங்கம்மா முந்தி இங்கே சமைச்சாங்க.

நேபாளிக்கு அது சாதாரணப் பேச்சு. ஊரில் அவருடைய அம்மாவும் எங்கேயோ யாருக்கோ சமைத்துக்கொண்டிருப்பார். வேலியில் சாய்ந்துகொண்டு, என்ன சமைப்பார்கள் என்று கேட்டார்.

ஆரோக்கியசாமி வாயைத் திறந்தார். ராஜாக்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"துரைக்கு சூப்பு, ரோஸ்ட்டு, புட்டிங்கு" என்றார் பிலோமினா அக்கா. "நமக்கு மரவள்ளிக்கிழங்கு."

"புட்டிங்கு அம்மாவுக்குச் செய்யத் தெரியுமா?"

"பிரமாதமா செய்வா. நீ சாப்பிட்டதில்ல, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டா."

"எப்படிச் செய்வாங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். முட்டை, பால், கருக்கிய சீனி. ஆரோக்கியசாமி ஒவ்வொன்றுக்கும் அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டார். காவலாளிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, இருந்தாலும் நின்று கேட்டார். பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. எங்கள் கார் வழியை மறித்துக்கொண்டு நின்றது. எனக்கு வெயிலில் தலை சுற்றியது, அலுவலகத்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு போய் நானே காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, திரும்பி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றேன்.